திரைக்குப் பின்னால் ஒரு 'சரி'

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, எனக்கே நடந்தது.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, கிறீச்சிடும் கதவு என்று எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் மூன்று நாற்பது. வெளியே நல்ல வெயில் அடித்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஐசியூவுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போய்விட்டால் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான்.

இருபத்திரண்டு வருடமாக நான் நர்ஸ். பிணத்தைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போகிற ஆள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "யாருக்குக் காது குத்துற?" என்று கேட்கிற வாய் எனக்கு. அந்த வாய் இப்போது ஒரே ஒரு வார்த்தையை மட்டும் சொல்வதில்லை. எழுதுவேன், சொல்ல மாட்டேன். 'ஆகட்டும்', 'ம்', 'அப்படியே செய்யலாம்' என்று சுற்றி வளைத்துப் பேசுகிறேன். என் வீட்டுக்காரர், "இந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று கேலி செய்கிறார். அவருக்கும் முழுக்கதை தெரியாது.

முதலில் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நரம்பில் எந்த மருந்து போட்டாலும் தனியாகப் போடக் கூடாது. ஒருத்தி பாட்டிலில் இருப்பதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருத்தி பக்கத்தில் வந்து, தன் கண்ணால் பார்த்து, 'சரி' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மருந்து உள்ளே போகும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் ஆறு கட்டிலுக்கு இரண்டு பேர் ஓடும்போது யார் பக்கத்தில் வந்து பார்ப்பது? ஒருத்தி இங்கிருந்து படிப்பாள். மற்றவள் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, 'சரி' என்பாள். நானும் அப்படித்தான். எல்லோரும் அப்படித்தான்.

அன்று என்னோடு இருந்தவள் சோடாபுட்டி. கண்ணாடியின் தடிமனுக்கு நாங்கள் வைத்த பெயர். நல்ல பெண், பயந்த சுபாவம். எது கேட்டாலும் "சரிக்கா" என்பாள். 'அக்கா' சேர்க்காமல் அவளுக்கு ஒரு வார்த்தை வராது. மூன்றாவதாக வர வேண்டியவள் லீவு.

ஐந்தாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். நுரையீரலில் சளி கட்டி, சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியவர். மறுநாள் காலையில் சாதாரண வார்டுக்கு மாற்றுவதாக இருந்தது. வெளியே அவர் மகள் பத்து நாளாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "நாளைக்கு அப்பா கைய பிடிச்சுக்கிட்டு உக்காரலாமா சிஸ்டர்?" என்று கேட்டாள். தாராளமாக உட்காரலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று பத்துக்கு இரண்டாம் கட்டிலின் மானிட்டர் அலறியது. ஓடினேன். பின்னால், ஆறாம் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து, சோடாபுட்டி ஏதோ சொன்னாள். என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மூன்று இருபது. மூன்றாம் கட்டிலுக்கு ஊசி. மருந்தின் பெயரைப் படித்தேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"சரி."

'அக்கா' இல்லை. கோபமா? மத்தியானம் சாப்பிடக்கூட விடவில்லையே, அதனால் இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று முப்பது. முதல் கட்டில். நான் பெயரைப் படித்து முடிக்கவில்லை, அளவையும் சொல்லவில்லை.

"சரி."

அவசரக்குடுக்கை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. ரொம்ப நேரம் தூங்காதவர்களின் குரல்.

ஐந்தாம் கட்டிலுக்கு வந்தேன். டிரைவர் விழித்திருந்தார். முகத்தில் குறும்பு.

"உங்களுக்கும் ஒரு கண்டக்டர் இருக்காங்க போல சிஸ்டர்" என்றார்.

"என்னய்யா?"

"என் கண்டக்டர் பின்னாடி இருந்து 'ரைட்'னு சொல்லுவான், நான் வண்டிய எடுப்பேன். திரும்பிப் பாக்க மாட்டேன். அவன் பாதி நேரம் தூங்கிக்கிட்டேதான் சொல்லுவான்." சிரித்தார். இருமினார். "அந்தத் திரைக்குப் பின்னாடி இருக்குறவங்களும் அப்படித்தான். ராத்திரியெல்லாம் சரி, சரின்னு சொல்லிட்டே இருந்தாங்க. தூங்கவே மாட்டாங்களா?"

சோடாபுட்டிக்கு அன்று பகல் ஷிப்ட். முந்தின ராத்திரி அவள் வீட்டில் இருந்தாள்.

இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. காய்ச்சலில் உளறுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். போன் அடித்தது. எடுத்தேன், மருந்துக்கடை. வைத்தேன். மறுபடியும் இரண்டாம் கட்டில் அலறியது. நிறுத்திவிட்டு வந்தேன். காலையிலிருந்து நான் உட்காரவே இல்லை.

டிரைவருக்கு நரம்பு வழியாக மருந்து போட்டு முடித்தேன். முடிந்ததும் குழாயைக் கழுவ, பத்து மில்லி சலைன் தள்ள வேண்டும். வெறும் உப்புத் தண்ணீர். டிராலியில் கைவிட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் மருந்துக் குப்பியை, ஆம்ப்யூலை, எடுத்தேன். முனையைத் திருகினேன். சிரிஞ்சில் ஏற்றினேன். குழாயில் பொருத்தினேன்.

"சலைன், பத்து மில்லி" என்று படித்தேன்.

"சரி."

கட்டைவிரலை சிரிஞ்சின் பின்னால் வைத்தேன். தற்செயலாக நிமிர்ந்தேன். எதிரே ஐசியூவின் கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே... லிப்ட் திறந்தது. ஒரு கட்டில் வெளியே வந்தது. ஆறாம் கட்டில். அதைத் தள்ளிக்கொண்டு வந்தவள் சோடாபுட்டி. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. மூன்று நாற்பது.

அப்படியானால் திரைக்குப் பின்னால்...?

குனிந்து பார்த்தேன். திரை தரையிலிருந்து ஒரு முழம் மேலே நிற்கும். அடியில் கட்டிலின் சக்கரம் இல்லை. கால்கள் இல்லை. வெறும் தரை.

"சரி."

இப்போது பக்கத்தில். திரைத் துணியை ஒட்டி.

"சரி. சரி. சரி..."

அவசரமாக. சீக்கிரம் முடி என்பது போல. துணி என் பக்கமாக லேசாகப் புடைத்தது. யாரோ முகத்தை வைத்து அழுத்துவது போல.

என் கட்டைவிரல்... நான் சொல்லாமல்... அழுந்தப் பார்த்தது.

டிரைவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சிஸ்டர், ஊசிய கையில வச்சுக்கிட்டு எங்க பாக்குறீங்க?"

சிரிஞ்சைப் பிடுங்கினேன். தட்டில் கிடந்த ஆம்ப்யூலைப் பார்த்தேன்.

பொட்டாசியம்.

பெரிய பாட்டிலில் கலந்து, சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில் ஏற்ற வேண்டிய மருந்து. அப்படியே தள்ளினால் இதயம் நின்றுவிடும். பெயர் பெரிய எழுத்தில்தான் போட்டிருந்தது. என் கண் அதைப் பார்த்தது. என் வாய் சலைன் என்று படித்தது. நான் பார்க்க நினைத்ததைத்தான் படித்திருக்கிறேன்.

திரையை இழுத்தேன்.

யாரும் இல்லை.

சுவர். ஆக்சிஜன் குழாய். தரையில் கட்டில் நின்றிருந்த இடத்தில் சக்கரத் தடம்.

காதுக்குப் பக்கத்தில், மெதுவாக, வேலை முடிந்து கிளம்புகிறவள் போல...

"சரி."

எனக்கு உயிரே போய்விட்டது. கத்தினேன் என்று சோடாபுட்டி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை. மூன்று பத்துக்கே, "ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாளாம்.

மறுநாள் டிரைவர் வார்டுக்குப் போனார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கதவோரம் நின்று பார்த்து அழுதேன்.

நடந்ததை இன்சார்ஜ் மேடத்திடம் மறைக்கவில்லை. குரலைப் பற்றியும் சொன்னேன். அந்த இடத்தில் அவர் முகம் மாறியது. பிறகு சுதாரித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷ சர்வீஸ். கவனம் வேண்டாமா?"

"டிராலில சலைன் பெட்டியும் பொட்டாசியம் பெட்டியும் பக்கத்துல பக்கத்துல இருக்கு மேடம். ரெண்டும் ஒரே சைஸ், ஒரே மூடி. பொட்டாசியத்த தனியா பூட்டி வச்சா யாருக்கும் மாறாது."

"அலமாரில இடம் எங்க இருக்கு? பாக்கலாம். முன்னாடி ஒருத்தியும் இதே கட்டில்ல, இதே மாதிரிதான்..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால், நான் இந்த ஆஸ்பத்திரிக்கே வராத காலத்தில், ஒரு நர்ஸ். அதே டிராலி, அதே இரண்டு பெட்டி. அவள் கை நிற்கவில்லை. நோயாளி செத்துப்போனார். கவனக்குறைவு என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பாவி, மனம் உடைந்து செத்திருப்பாள், அவள்தான் அங்கே சுற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கதைகளில் அப்படித்தானே வரும்?

"செத்துட்டாங்களா மேடம்?"

"சேச்சே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா."

அன்றோடு என்னை வெளிநோயாளிகளுக்கு ஊசி போடும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வாரமே ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போனேன். சின்னக் கடை. மெஷினுக்கு முன்னால் முதுகைக் காட்டி ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு கல்லூரிப் பையன், "ரெண்டு பக்கமும் போடுங்கக்கா" என்றான்.

அவள் திரும்பாமல் சொன்னாள்.

"சரி."

கடை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அதே குரல். அதே கட்டிய தொண்டை. அதே தூக்கமின்மை. உயிரோடு, வெயிலில், என் கண் முன்னால் நின்றுகொண்டு ஜெராக்ஸ் போடுகிறாள்.

பையன் போன பிறகுதான் அவள் என்னைப் பார்த்தாள். என் யூனிபார்மைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள்.

"ஐசியூவா?"

தலையாட்டினேன்.

"அஞ்சாம் கட்டிலா?"

"ஆமாக்கா."

"உள்ள போயிடுச்சா?"

"இல்லக்கா. கையிலேயே நின்னுடுச்சு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நல்லவேளை, நல்லவேளை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சரின்னு யாரோ சொன்னாங்களா?"

மறுபடியும் தலையாட்டினேன்.

"எனக்கும் சொன்னாங்க. வயசான அம்மா குரல். யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. விசாரணைல சொன்னேன். தப்பிக்கக் கதை விடுறான்னாங்க." மெஷின் மேல் கிடந்த தாள்களை அடுக்கினாள். "உனக்குக் கேட்டதும் அந்த அம்மாதானா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கேட்டது உங்கள் குரல்தான் என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று பொய் சொன்னேன்.

"அந்த ரெண்டு பெட்டியும் இப்ப எங்க இருக்கு?"

"பக்கத்துல பக்கத்துலதான்."

அவள் சிரித்தாள். திரும்பி மெஷினைப் போட்டாள்.

ஒரு மாதம் போனது. மனசு கேட்கவில்லை. பெட்டிகளை மாற்றிவிட்டார்களா என்று கேட்கத்தான் ஒருநாள் மாலை ஐசியூவுக்குப் போன் செய்தேன். எடுத்தது புதுக்குரல். என் இடத்துக்கு வந்த பெண். நான் அவளைப் பார்த்ததில்லை, அவளும் என்னைப் பார்த்ததில்லை.

"ஐசியூ. சொல்லுங்க."

"சோடாபுட்டி... உங்ககூட இருக்காங்களே, கண்ணாடி போட்ட அக்கா, அவங்கள கூப்பிடும்மா."

"ஒரு நிமிஷம் இருங்க, கூப்பிடுறேன்."

"சரி" என்றேன்.

மறுபக்கம் நாற்காலி சரிந்து விழுந்தது.

பிறகு ஒரு அலறல். போன் கீழே விழும் சத்தம். ரொம்ப நேரம் கழித்து சோடாபுட்டி எடுத்தாள்.

"அக்கா... நீங்களா? அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஏன்?"

"நேத்து மத்தியானம் இங்க வந்தீங்களாக்கா?"

"இல்லையே."

"திரைக்குப் பின்னாடி இருந்து யாரோ சரின்னு சொன்னாங்கன்னு நேத்துல இருந்து அழுதுட்டே இருக்கா. நாங்க யாரும் நம்பல. இப்ப... போன்ல கேட்டது அதே குரல்னு சத்தியம் பண்றா அக்கா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அஞ்சாம் கட்டில்ல யாரு இருந்தா? அவங்க எப்படி இருக்காங்க?"

சோடாபுட்டி அழ ஆரம்பித்தாள்.

"பெட்டி? அந்த ரெண்டு பெட்டி?"

"அங்கேயேதான்க்கா இருக்கு." விசும்பினாள். "அக்கா... லைன்ல இருக்கீங்களா? ஏதாவது பேசுங்கக்கா."

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.