ஒரே டப்பாவில் பூசிய இரண்டு சுவர்கள்

பெயின்ட் கடையில் இருபத்து மூன்று வருடங்களாக நிறம் கலக்கும் அவரது சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாம்பல் நிற அட்டை இருக்கும். அதில் பக்கத்துப் பக்கத்தில் பட்டாணி அளவு இரண்டு துளைகள். "நான் கேட்ட பச்சை இது இல்லை, கண்ணைப் பறிக்குது" என்று யாராவது பொங்கிக்கொண்டு வந்தால் அவர் அட்டையை எடுப்பார். கேட்ட மாதிரியை ஒரு துளைக்கு அடியிலும் பூசியதை மறு துளைக்கு அடியிலும் வைப்பார். இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

"வீட்ல சோபா சிவப்புங்களா?"

சிவப்புதான்.

"சிவப்புக்குப் பக்கத்துல பச்சை அப்படித்தாங்க கத்தும். கண்ணு எதையும் தனியாப் பார்க்காது."

இப்படி யாரிடமும் தோற்காத மனிதரைத் தோற்கடித்தது அவருடைய சொந்தத் தம்பி.

அப்பா விட்டுப்போன வீட்டில் ஆளுக்குப் பாதி. இரண்டு கூடங்களுக்கும் நடுவே ஒரு கதவு. தினமும் மாலையில் தம்பி அந்தக் கதவு வழியாக வந்து அண்ணனோடு டீ குடிப்பான். தம்பி லிஃப்ட் மெக்கானிக். கோபம் மட்டும் எந்த மாடியிலும் நிற்காமல் நேராக உச்சிக்குப் போகும். அவன் தன் பக்கத்துக் கதவு, ஜன்னல்களையெல்லாம் பளிச்சென்ற வெள்ளையில் புதிதாகப் போட்டிருந்தான். அண்ணன் பக்கம் பழைய கரும்பழுப்பு மரம். இரண்டு கூடத்துக்கும் ஒரே டப்பாவில் கலந்த சந்தன நிறத்தைப் பூசினார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வந்து நின்றான்.

"நல்லதை நீ வச்சுக்கிட்டு அடிமண்டியை எனக்குக் குடுத்திருக்கே. என் சுவர் அழுக்குத் துணி மாதிரி இருக்கு."

அண்ணன் தன் சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு போய், தம்பியின் சுவரில் அட்டையை வைத்துக் காட்டினார். தம்பி ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தான்.

"ஓட்டைக்குள்ள ஒண்ணாத்தான் இருக்கு. நான் என்ன ஓட்டைக்குள்ளயா குடியிருக்கேன்?"

"உன் கதவு வெள்ளைடா. அது பக்கத்துல எதுவும் மங்கித்தான் தெரியும்."

"இப்ப என் கதவு மேல பழியா?"

அன்று நடுக்கதவின் தாழ்ப்பாள் தம்பி பக்கம் விழுந்தது. ஐந்து மாதங்கள் விழுந்தபடியே கிடந்தது. அண்ணன் மாலையில் தனியாக டீ குடித்தார். பழக்க தோஷத்தில் மனைவி இரண்டு டம்ளர் வைப்பாள். இரண்டையும் அவரே குடித்தார், தூக்கம் கெட்டது.

கடைசியில் ஒருநாள் தெருவில் தம்பியை வழிமறித்தார்.

"உனக்குக் குடுத்தது அடிமண்டிதான்டா. தப்பு என் மேல. வேற அனுப்புறேன்."

இருபத்து மூன்று வருடப் பெருமை நடுத்தெருவில் உயிரைவிட்டது. ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு கடந்து போனது.

அதே சந்தன நிறம்தான். ஆனால் இந்த முறை வெள்ளை கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக் கலந்தார். பூசி முடிந்த மறுநாள் தாழ்ப்பாள் திறந்தது.

"இப்பத்தான்ணே உன் சுவர் மாதிரியே இருக்கு" என்றபடி வந்த தம்பி, நடுக்கதவின் படியிலேயே நின்றுவிட்டான். அங்கிருந்து பார்த்தால் இரண்டு சுவரும் சேர்ந்து தெரியும். மெதுவாக அண்ணனின் பையிலிருந்து அட்டையை உருவி, இரண்டு துளைகளையும் இரண்டு சுவர்களுக்கு நேராகப் பிடித்தான்.

"வேற வேற கலரா இருக்கே. அப்ப மொதல்ல குடுத்தது?"

"ஒரே டப்பாதான்."

"அடிமண்டின்னு சொன்னியே?"

"நீ அஞ்சு மாசமாப் பேசலையேடா."

தம்பியின் கண்கள் நிறைந்தன. லிஃப்ட் கயிறு அறுந்தாலும் கலங்காதவன், அண்ணன் தோளில் முகம் புதைத்து ஓவென்று அழுதான். அண்ணனும் அழுதார். டீ ஆறியது.

பின்னால் டம்ளரோடு நின்ற அண்ணி மட்டும் அழவில்லை. அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள், இந்தச் சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, அவங்க பக்கத்துல நம்ம சுவர் என்ன இப்படி மங்கலா இருக்கு?"

அண்ணன் சட்டென்று அட்டைக்குக் கை நீட்டினார். தம்பி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"வேணாம்ணே. அண்ணிகிட்டயும் அடிமண்டின்னே சொல்லிடு."