பனி தள்ளுபவர்களின் அலைவரிசை

கனடாவில், ஸ்காபரோவில் நான் குடியிருந்த நிலக்கீழ் பேஸ்மென்ரில் அடுத்த அறைக்காரர் அவர். ஒல்லியான மனிதர். வீட்டுக்குள்ளும் மஃப்ளரைக் கழற்றமாட்டார். நகரத்து வேலையாட்கள் வானொலியில் பேசிக்கொள்வதைக் கேட்கும் ஸ்கேனர் ஒன்று வைத்திருந்தார்.

ஒரு மார்கழிப் பின்னேரம், அது கணினியோடு இணையவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். கேபிளை மாற்றியதும் திரையில் தீயணைப்பு, பஸ், விமான நிலையம் என்று அலைவரிசைகளின் நீண்ட பட்டியல் வந்தது. அவர் ஒவ்வொன்றாக அழித்தார். வீதியில் பனி தள்ளும் லொறிக்காரர்களுடையதை மட்டும் விட்டுவைத்தார்.

“மற்றதெல்லாம் வேண்டாமோ, அண்ணை?”

“அதுகளிலை ஒரே அந்தரம், அவசரம், தம்பி. இவங்கள் வேலை முடிய, ‘நான் வீட்டை போறன்’ எண்டு ஆளுக்காள் சொல்லிப்போட்டுத்தான் போவாங்கள். எனக்கு அதைக் கேட்டால் காணும்.”

ஜூலையில் நான் பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு வீடு மாறினேன். கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அவருடைய கதவு பாதி திறந்திருந்தது. தள்ளப் பனியே இல்லாத அந்த வெயில் காலத்திலும் ஸ்கேனரின் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

சாமான் ஏற்ற வந்த வான்காரர் ஹோர்ன் அடித்தார். நான் ‘போறன்’ என்று சொல்லாமலே வந்துவிட்டேன்.