அகோமாருவின் இறங்குமணை

அகோமாருவுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. சடை மட்டும் ஏழு வயதுப் பையனுடையது. பிரபுக்களின் மாட்டு வண்டி ஓட்டுகிறவன் கிழவனானாலும் பிள்ளைப் பெயரோடும், தொப்பியில்லாத பிள்ளைச் சடையோடும்தான் இருக்க வேண்டும் என்பது தலைநகரத்து வழக்கம். சுகேதோஷி பிரபுவின் வண்டியை அவன் நாற்பத்தொரு வருடம் ஓட்டியிருந்தான்.

ஓனின் சகாப்தத்தின் முதலாம் ஆண்டு, ஐந்தாம் மாதம், இருபத்தெட்டாம் நாள். சண்டை மூண்டு தலைநகரம் தெருத்தெருவாக எரிந்தது. பிரபுவுக்குப் பாய் வியாபாரி வேஷம் போட்டு, பாய் ஏற்றிய வண்டியில் நாராவுக்குக் கிளம்பினான் அகோமாரு. அடையாளம் தெரிந்தால் அவரைப் பிணையாகப் பிடித்து வைப்பார்கள். ஆகவே சடையைச் சுருட்டி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தொப்பிக்குள் அடைத்தான். ஆனால் பிரபு வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், மாட்டை அவிழ்த்ததும் நுகத்தடியைத் தாங்கவும் பிரபு கால்வைத்து இறங்கவும் போடுகிற, அரக்கு பூசிய இறங்குமணையைப் பாய்களுக்கடியில் செருகிக்கொண்டான்.

உஜி பாலத்துக் காவலில் வண்டியை மறித்தார்கள்.

"ஒன் மொதலாளிய எறங்கச் சொல்லுடா" என்றான் காவல் தலைவன் கன்ரோகு.

பிரபு இறங்குகிறார் என்றதும் அகோமாருவின் கை தானாக இயங்கியது. மாட்டை அவிழ்த்தான், மணையை எடுத்து வைத்து நுகத்தடியை அதில் தாங்கவிட்டு, குனிந்து நின்றான். பிரபுவும் பழக்கம்போல முன்பக்கமாக வந்து, மணையில் பாதம் பதித்து இறங்கினார்.

"பாய்க்காரன் பின்னாடி தொப்புனு குதிப்பான். இவரு தேருலருந்து சாமி எறங்குற மாதிரில்ல எறங்குறாரு" என்று சொல்லி, கன்ரோகு அகோமாருவின் தொப்பியைத் தட்டிவிட்டான். நரைத்த சடை முதுகில் விழுந்தது. பாப்பாவுக்குப் பல் முளைச்சாச்சா என்று வீரர்கள் கேட்டார்கள்.

அகோமாரு மண்டியிட்டான். தப்பு தன்னுடையது என்று சொல்லி, தன் தலையை எடுத்துக்கொண்டு ஐயாவை விட்டுவிடும்படி கெஞ்சினான். கன்ரோகு வெகுநேரம் மணையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, என்னையும் ஒரு தடவ அப்பிடி எறக்கிவிடு. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் போயிரலாம்."

அரசவையில் ஐந்தாம் படிநிலைக்குக் கீழ்ப்பட்ட எவருக்கும் அந்த மணையை அவன் வைத்ததில்லை. பிரபு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அகோமாரு மாட்டைப் பூட்டி, கன்ரோகுவை ஏற்றி, கரையோரத்து மரம்வரை ஓட்டினான். அவிழ்த்தான். மணையை வைத்துக் குனிந்தான். கன்ரோகு சேற்றுச் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு இறங்கினான். பிறகு வழிவிடச் சொன்னான்.

நாராவில் அகோமாரு பதினொரு வருடம் இருந்தான். அங்கே பிரபுவுக்கு வண்டியில்லை. அவனும் மறுபடி தொப்பி போடவில்லை. தலைநகரைப் பற்றிக் கேட்டால், காமோ திருவிழாவில் ஊதாப்பூக்கொடி தொங்கிய வண்டிகளையும், மழை விட்ட சரளைமேல் சக்கரம் கரகரத்ததையும் சொல்லுவான். கடைசியில் குரலைத் தாழ்த்துவான்.

"நான் எறக்கிவிட்டவங்கள்ல ரொம்ப மரியாதையா எறங்கினது அந்தக் கன்ரோகுதான். ஐயா காதுல போட்டுறாதீங்க."