பெரிய வெள்ளியன்று நின்ற மின்விசிறி

அண்ணி எங்கள் ஈப்போ வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் தகரப்பெட்டி, இன்னொரு கையில் ஒரு நாய். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர். பால் வெட்டப் போகும் தாய்மார்கள் விடியலில் விட்டுப்போகும் குழந்தைகளை மதியம் வரை பார்த்துக்கொள்கிற வேலை அது. தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட ஆரம்பித்ததும் ஆட்கள் குறைந்தார்கள். கொட்டகையை மூடிவிட்டார்கள். அண்ணி கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எழுபதுகளின் பின்பாதி அது.

நாய் மானேஜர் பங்களாவில் பிறந்தது. சப்பை மூக்கு, பிதுங்கிய கண்கள், தரையைக் கூட்டிக்கொண்டு போகும் நீள முடி. கடைசி மானேஜர் மாற்றலாகிப் போகும்போது அதை அண்ணியிடம் விட்டுப் போய்விட்டார். ஆங்கிலத்தில் ஏதோ பெயர் இருந்ததாம். அண்ணியின் வாயில் அது நுழையவில்லை. குட்டி என்று கூப்பிட்டார். அதற்கு வயதான பிறகும் குட்டிதான்.

எங்களுடையது வரிசை வீடுகளில் ஒன்று. தகரக் கூரை. முன்னறைக்கு மட்டும் பலகையால் உள்கூரை போட்டிருந்தது. நடு அறையிலும் சமையலறையிலும் நிமிர்ந்து பார்த்தால் தகரம்தான். பின்பக்கம் சிமெண்டு முற்றம், அதில் ஒரு செடிகூடக் கிடையாது. தோட்டத்தில் ரப்பர் நிழலிலேயே வளர்ந்த நாய்க்கு இது பழக்கமில்லாத இடம். எங்கள் நாட்டில் கோடை என்று தனியாக ஒன்று இல்லை. ஆனாலும் சீனப் பெருநாள் முடிந்து சில வாரங்களுக்கு மழை நின்றுபோகும். அப்போது பகலில் அந்த வீட்டுக்குள் இருப்பது சட்டிக்குள் இருப்பது போல. சப்பை மூக்கு நாய்கள் மூச்சு விடவே சிரமப்படும் என்பதை நான் அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன். இரவில் அது குறட்டை விடும். பகலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்.

அண்ணி அதற்கென்று ஒரு நாள் முறை வைத்திருந்தார். வெயில் ஏறும் முன்னால் நடத்திக் கூட்டிப்போவார். சாயங்காலம் வெளியே விடும் முன் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கை பொறுக்காவிட்டால் திரும்பி வந்துவிடுவார். வயிற்று முடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினார். முதுகு முடியைத் தொடவில்லை. “அது வெயிலுக்குக் குடை மாதிரி” என்றார். மதியம் சோறு கிடையாது, தண்ணீர் மட்டும். ஒரு கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து சிமெண்டுத் தரையில் விரித்தால் நாய் அதன்மேல் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்துக்கிடக்கும். சாக்கு காயக் காய மறுபடி நனைப்பார். அதோடு மேசை விசிறி ஒன்றும் அதன் பக்கம் திரும்பியிருக்கும்.

அந்த விசிறிதான் என் கணவருக்குப் பிடிக்கவில்லை.

“மனுசனுக்கே ஒரு ஃபேனுதான் இருக்கு. நாய்க்கு ஒன்னா, அக்கா?” என்பார்.

“நீ ஆபீஸ் போனப்பறம்தானே போடுறேன், நீ ஏன் வேர்த்துக்கிட்டுக் கெடக்குற?” என்பார் அண்ணி.

நான் இதில் தலையிடவில்லை. ஈயச் சுரங்கக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். காலையில் போனால் மாலையில்தான் வருவேன். எனக்கும் அண்ணிக்கும் சண்டை இல்லை, பெரிய பேச்சும் இல்லை. ஒரே சமையலறையில் இரண்டு பெண்கள் எப்படி இடிக்காமல் நகர்வார்களோ அப்படி நகர்ந்துகொண்டிருந்தோம்.

அந்த ஆண்டு பெரிய வெள்ளி வந்தபோது மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது. பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் மும்மணி ஆராதனை நடக்கும். உச்சி வெயிலில் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். சிலுவையின் ஏழு வார்த்தைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம், ஒரு பாட்டு, ஒரு தியானம். என் கணவர் பாடம் வாசிப்பவர்களில் ஒருவர். மூன்று பேரும் போயாக வேண்டும். நாயை என்ன செய்வது என்று காலையில் பேச்சு வந்தது. முற்றத்தில் கட்டினால் நிழல் இல்லை. அவிழ்த்துவிட்டால் தெருவுக்குப் போய்விடும். அந்த வாரம் நகராட்சி ஆட்கள் லாரியில் வந்து தெரு நாய்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடு அறையில் விட்டு, விசிறியைப் போட்டு, ஜன்னலை அடைத்துவிட்டுப் போகலாம் என்றார் கணவர். திருட்டுப் பயத்தில் அவர் எப்போதும் ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

“ஜன்னல் தெறந்தே இருக்கட்டும்” என்றார் அண்ணி.

“ஃபேன் ஓடுதுலா, அக்கா. ஒன்னும் ஆகாது.”

அண்ணி இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் வைத்தார். சாக்கை நனைத்தார். வாசல் வரை வந்தவர் திரும்பிப் போய் அதை இன்னொரு முறை நனைத்துவிட்டு வந்தார். கதவைப் பூட்டிக் கணவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆலயத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நானும் அண்ணியும் வெள்ளைச் சேலையில் நடுவரிசையில் இருந்தோம். நான்காவது வார்த்தையின் தியானம் நடந்துகொண்டிருந்தபோது ஒலிபெருக்கி செத்தது. போதகர் குரலை உயர்த்திக்கொண்டு தொடர்ந்தார். தலைக்கு மேலே விசிறிகள் மெல்லச் சுற்றி நின்றன. பெண்கள் பாட்டுத்தாளால் விசிறிக்கொள்ளத் தொடங்கினார்கள். அண்ணி தலையை நிமிர்த்தி, நின்றுபோன விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

“நம்ம வீட்டுலயும் நின்னுருக்குமா?”

“தெரியல, அண்ணி.”

அவர் எழுந்துவிட்டார். தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடுப்பாதையில் வாசலை நோக்கி நடந்தார். போதகர் ஒரு கணம் நிறுத்தினார் என்று நினைக்கிறேன். பலர் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கம் என் கணவரின் முகம் தெரிந்தது. நான் ஏன் எழுந்தேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியாது. அண்ணிக்கு ஈப்போவில் பஸ் பிடிக்கத் தெரியாது என்பது மட்டும் அப்போது மனதில் ஓடியது. ஐந்தாவது வார்த்தையின் போது, தாகத்தைப் பற்றிய பாடம் வாசிக்கப்படும்போது, நாங்கள் வெளியேறினோம் என்று பிற்பாடு சபையில் கதை சுற்றியது. அது நான்காவதுதான். நான் அங்கே இருந்தேன்.

வெளியே வந்ததும் ஒரு டாக்சி கிடைத்தது. ஓட்டுநர் வயதான சீனர். இரண்டு பெண்கள் வெள்ளைச் சேலையில் வேகமாக வந்து ஏறுவதைப் பார்த்து, “யார் செத்தது?” என்று மலாயில் கேட்டார்.

“இன்னும் சாகல” என்றார் அண்ணி தமிழில். நான் அதை மலாயில் சொன்னேன். அவர் வேகமாக ஓட்டினார்.

எங்கள் தெரு முனைக் காப்பிக்கடையில் ரேடியோ ஓடவில்லை. ஆட்கள் வெளியே ஐந்தடி நடைபாதையில் வந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அதைப் பார்த்தார். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் சாவி கணவரிடம் இருப்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

சந்து வழியாகப் பின்பக்கம் ஓடினோம். நடு அறைக்குக் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல். கம்பி இல்லை. கண்ணாடி வழியே பார்த்தால், நாய் சாக்கை விட்டு நகர்ந்து கதவோரம் கிடந்தது. கால்கள் நீட்டியிருந்தன. வயிறு மட்டும் படபடவென்று ஏறி இறங்கியது. நாக்கு கருநீலமாகி வாயோரம் தொங்கியது. ஒரு கிண்ணம் கவிழ்ந்திருந்தது.

“குட்டி, குட்டி” என்று அண்ணி கூப்பிட்டார். காதுகூட அசையவில்லை. முற்றத்து ஓரத்தில் கிடந்த செங்கல்லை எடுத்துவிட்டார்.

“உடைக்காதீங்க!” என்று மலாயில் குரல் வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அப்போதுதான் வெள்ளிக்கிழமைத் தொழுகையிலிருந்து திரும்பியிருந்தார். பஸ் பட்டறையில் மெக்கானிக். சுவருக்கு அந்தப்புறம் சாரோங்கும் சொங்கோக்குத் தொப்பியுமாக நின்றார். “உடைச்சா கண்ணாடி நாய் மேல விழும். கழட்டலாம்.”

உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். இடுப்பளவுச் சுவரைத் தாண்டி எங்கள் முற்றத்துக்குள் குதித்தார். கண்ணாடிகளைப் பிடித்திருந்த தகட்டை நெம்பி ஒவ்வொன்றாக உருவி, அவசரத்திலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கினார். அண்ணி பக்கத்திலேயே நின்று முணுமுணுத்தபடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். ஆள் நுழையும் இடம் வந்ததும் மெக்கானிக் விலகி நின்றார். அவர் மார்க்கப்படி நாயைத் தொட மாட்டார், அது எங்களுக்குத் தெரியும். அண்ணியால் ஏற முடியாது. நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிச் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உள்ளே சூடு முகத்தில் அறைந்தது. நாயைத் தூக்கினேன். அதற்கு முன் அதை நான் தூக்கியதே இல்லை. முடிக்குள் இருந்த உடம்பு நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது, அவ்வளவு கொதித்தது. ஜன்னல் வழியாக அண்ணியிடம் கொடுத்தேன்.

மதியத்தில் எங்கள் குழாயில் தண்ணீர் நூல் போலத்தான் வரும். மெக்கானிக்கின் மனைவி தங்கள் குளியல் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு சுவர் மேல் வைத்துக்கொண்டே இருந்தார். சுவர் நிழல் ஒரு முழம் அகலத்துக்கு விழுந்திருந்தது. அண்ணி அதில் உட்கார்ந்து நாயை மடியில் கிடத்தினார். வயிற்றிலும் கால் இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். நான் சமையலறைக் கதவை உள்ளிருந்து திறந்துகொண்டு ஐஸோடு வெளியே வந்தேன்.

“ஐஸ் வேணாம். பச்சத் தண்ணி போதும். நீ விசுறு.”

நான் பாட்டுத்தாளால் விசிறினேன். அதை எப்போது இடுப்பில் செருகிக்கொண்டேன் என்று தெரியவில்லை. நாயின் வாயைத் துடைத்துவிட்டு அண்ணி விரலை நனைத்து நாக்கில் தடவினார். முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு நாய் இருமியது. கொஞ்சம் நுரையாகக் கக்கியது. கண்ணைத் திறந்து யாரையும் பார்க்காமல் மறுபடி மூடிக்கொண்டது. மூச்சு மட்டும் மெல்ல மெல்லத் தணிந்தது. மெக்கானிக் சுவரைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார். அந்தப் பக்கத்திலிருந்து, “ஹிடுப்?” என்று கேட்டார். உயிரோடு இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன்.

ஆராதனை முடிந்து கணவர் வந்தபோது நாங்கள் நனைந்த சேலையோடு சிமெண்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஜன்னலைப் பார்த்தார், அடுக்கியிருந்த கண்ணாடிகளைப் பார்த்தார்.

“ஆராதனை நடுவுல எந்திரிச்சு வரலாமா, அக்கா?”

“ஃபேன் நின்னுருச்சு.”

“போதகர் கேட்டா நான் என்ன சொல்றது?”

“ஃபேன் நின்னுருச்சுன்னு சொல்லு.”

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிகளைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார். மேலே இரண்டு பட்டைகளை மாட்டாமல் விட்டார். கண்ணாடி போதாமல் இல்லை. அதன் பிறகு அந்த வீட்டில் இருந்தவரை அந்த இடம் திறந்தேதான் இருந்தது.

மறுநாள் நாய்க்கு மலத்தோடு இரத்தம் போனது. அரசாங்க மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஊசி போட்டார். இரண்டு நாள் தாண்டினால் பிழைக்கும் என்றார். தாண்டியது. ஆனால் பழைய மாதிரி இல்லை. கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார்ந்துவிடும். உயிர்த்தெழுந்த ஞாயிறு கழிந்து போதகர் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார், சாக்கில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். “இதுதானா?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. பெண்கள் ஐக்கியத்தில்தான் ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார், நாய்க்காக ஆண்டவரைப் பாதியில் விட்டுட்டுப் போனவங்க என்று. அண்ணி சில மாதங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை, பிறகு தானாகவே போகத் தொடங்கினார். அடுத்த பெரிய வெள்ளிக்கு அவர் வீட்டிலேயே இருந்துகொண்டார். கணவர் வற்புறுத்தவில்லை.

நாய் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், அடைமழை பெய்த ஒரு வாரத்தில், வயதாகிச் செத்தது. அண்ணி அழுதாரா என்று தெரியாது. அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். வந்தபோது சாக்கைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்.

அதற்குள் அவருக்கு ஒரு வேலை அமைந்திருந்தது. மெக்கானிக்கின் மூத்த மகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள், அங்கேயே தங்கி வேலைக்கும் போனாள். அவளுடைய குழந்தையைப் பகலில் அண்ணி பார்த்துக்கொண்டார். நாய் இருந்த காலத்தில் தினமும் குளித்து, வேறு துணி உடுத்திக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் போவார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. அண்ணியின் மலாய் அந்தக் குழந்தையோடு சேர்ந்துதான் வளர்ந்தது.

நாங்கள் பத்து காஜா ஊருக்குப் போகும் ரோட்டுப் பக்கம் கல் வீடு வாங்கிக்கொண்டு போனபோது அண்ணி எங்களோடு வரவில்லை. அதே தெரு முனையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணுக்கு ரெண்டாவது புள்ளயும் பொறந்திருக்கு. ஸ்கூலுக்குப் போற வரைக்கும் இங்கயே இருக்கேன்லா” என்றார்.

“தனியா எப்படிக்கா இருப்பே?” என்று கணவர் கேட்டார்.

“நீ ஞாயித்துக்கெழம கார் எடுத்துக்கிட்டு வா, கோயிலுக்குப் போலாம்” என்று சொல்லிவிட்டு, லாரியில் ஏற்ற வேண்டிய சாமான்களைக் கட்டிக்கொடுக்க உள்ளே போனார்.