பயப்படத் தெரிந்த ஸ்டெல்லா மேடம்

காலையில் கேட்டைத் தட்டும் சத்தம் எனக்கு எப்போதுமே ஆகாது. நல்ல செய்தி அவ்வளவு அவசரப்பட்டு வராது என்பது என் எண்ணம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் தட்டினார்கள். ஸ்டெல்லா மேடத்தின் தம்பி ஜெரால்டு, பெங்களூரின் காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் ஆஸ்டின் டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். "அக்கா விடியக்காலம் போயிட்டாங்க, மேடம். தூக்கத்துலயே போயிட்டாங்க. போன்ல சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு நேர்ல வந்தேன்" என்றார். நேரில் சொன்னதற்கும் பயந்தேன். எனக்குக் கேட்டின் கொண்டியைத் திறக்கவே வரவில்லை. அவரே கையை உள்ளே விட்டுத் திறந்துகொண்டார்.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் அவரைத் தைரியசாலி என்று பேசினீர்கள். பழைய மாணவர்கள் பேசினீர்கள், கூட வேலை பார்த்தவர்களும் பேசினீர்கள். எழுந்து மறுக்கலாமா என்று எனக்கு இருந்தது. மேடை என்றால் பயம் என்பதால் உட்கார்ந்தே இருந்துவிட்டேன். அதற்காகத்தான் நம் கல்லூரி இதழில் எழுதுகிறேன். ஸ்டெல்லா மேடம் தைரியசாலி இல்லை. நான் பார்த்ததிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி அவர்தான். லிஃப்டில் ஏற மாட்டார். பல்லியைக் கண்டால் வகுப்பை வராந்தாவுக்கு மாற்றிவிடுவார். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் வாசலுக்குப் போய்விடுவார். கணக்குப் பாடம் நடத்தப் போகும் முன் ஸ்டாஃப் ரூம் மூலையில் திரும்பி நின்று ஜெபம் செய்வார், இத்தனை வருஷம் நடத்திய பாடத்துக்கு. நான் அதே கல்லூரியில் காமர்ஸ் நடத்தினேன். நானும் பயந்தவள்தான், ஆனால் வெளியே காட்டிக்கொள்ளாத ஜாதி. அவர் காட்டிக்கொள்வார்.

எங்கள் கல்லூரியில் முதலாண்டில் சேரும் பிள்ளைகள் சிலர் தசரா விடுமுறைக்குப் போனால் திரும்பி வருவதில்லை. யாரும் துரத்தவில்லை. பாடம் இங்கிலீஷில் நடக்கும், புரியாது. புரியவில்லை என்று கேட்கத் தெரியாது. ஆபீஸ் ஜன்னலில் இருக்கும் கிளார்க் வள்ளென்று விழுவார். சீனியர்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். போதாதா? அதனால் வாரத்தில் ஒரு காலை, முதல் மணி நேரம், புதியவர்களுக்கென்று ஒரு செமினார் நடத்தவேண்டும் என்று பிரின்சிபால் சொன்னார். மதிப்பெண் இல்லாத வகுப்பு, யாருக்கு வேண்டும்? எல்லோரும் டைம்டேபிளைக் காட்டித் தப்பித்தோம். ஸ்டெல்லா மேடம் மட்டும் "நான் எடுக்கறேன். ஆனா தனியாப் போக மாட்டேன், வசந்தா கூட வரணும்" என்று சொல்லி என்னையும் இழுத்துவிட்டார்.

முதல் நாள் அவர் பேசியதைக் கேட்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. நீலசந்திராவிலிருந்து வந்தவர்கள், கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருபவர்கள், ஹொஸ்கோட்டே பக்கத்துக் கன்னடப் பிள்ளைகள் என்று வகுப்பு நிறைய உட்கார்ந்திருந்தது. தைரியம் சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே, "உங்களைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. நீங்க எத்தனை பேரு, நான் ஒருத்தி. அதான் இந்த மேடத்தைத் துணைக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார். பிறகு அதையே கன்னடத்தில் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். "சிரிங்க. பயப்படாதேன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பயப்படுங்க, தனியாப் பயப்படாதீங்க" என்றார். அதை எப்படிச் செய்வது என்பதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது.

வருகை எடுக்கும்போது யாரும் தனக்குத் தானே பதில் சொல்லக் கூடாது. பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் உட்காருபவர்தான் சொல்லவேண்டும்: வந்திருக்கிறாள், அல்லது வரவில்லை, ஏன் வரவில்லை. தெரியாது என்றால் விசாரித்துக்கொண்டு வரவேண்டும். மற்ற வகுப்புகளில் ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுத்தால் ப்ராக்ஸி என்று வெளியே அனுப்புவோம். இங்கே அதுவே சட்டம். பிள்ளைகள் அதற்கு 'ப்ராக்ஸி கிளாஸ்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. ஆனால் காய்ச்சலில் கிடந்தவனுக்கு நோட்ஸ் போனது, ஹாஸ்டலில் அழுதுகொண்டிருந்த பெண்ணைத் தேடி ஒருத்தி போனாள். அந்த வருஷம் தசரா முடிந்து பெஞ்சுகள் பெரும்பாலும் நிறைந்தே இருந்தன.

அது தொண்ணூற்றொன்று. டிசம்பரில், தமிழர்களைக் குறிவைத்து, காவிரிக் கலவரம் வந்தது. அந்த நாட்களை நேரில் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: பஸ்ஸில் என் மகன் "அம்மா" என்று கூப்பிட்டுவிடுவானோ என்று அவன் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். கன்னடத்திலும் அம்மா அம்மாதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கலவரம் வெடித்த காலை எங்களுக்கு அந்தச் செமினார் இருந்தது. பாதி வகுப்பில் பியூன் வந்து, ஊரில் கல்லெறிகிறார்கள், சீக்கிரம் முடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று பிரின்சிபாலின் உத்தரவைச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டெல்லா மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. ரெஜிஸ்டரில் தலையைப் புதைத்துக்கொண்டு மளமளவென்று பெயர்களைக் கூப்பிட்டார். "மலர்விழி" என்றார். தங்கவயல் பெண், அப்பா சுரங்கத் தொழிலாளி. "பந்திதாளே மேடம்" என்று பக்கத்து இடத்திலிருந்து ஷோபா கன்னடத்தில் சொன்னாள். வந்திருக்கிறாள். மேடம் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நானும் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, ஒரே திசையில் போகிறவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து அனுப்பினோம். தமிழ்ப் பிள்ளைகளோடு கன்னடப் பிள்ளைகளையும் சேர்த்தார் மேடம், வழியில் யாராவது கேட்டால் பேசுவதற்கு. "மலர் எங்கே? அவளை ஸ்டேஷனுக்கு யார் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டபோது ஷோபா ஓவென்று அழ ஆரம்பித்தாள். ரயில் தாமதத்தால் மலருக்கு ஏற்கெனவே அட்டெண்டன்ஸ் குறைவு, பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று பயந்து இவள் ப்ராக்ஸி கொடுத்திருக்கிறாள். "ஊர்லயே இருப்பா மேடம், நிஜமா. இன்னிக்கு வந்திருக்கவே மாட்டா" என்றாள்.

எதிர்க் கடையின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து, மலரின் சுரங்கக் குடியிருப்பு லைனில் இருக்கும் கடைக்குப் போன் போட்டோம். கடைக்காரர் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "பொண்ணு காலையில வண்டிக்குப் போயிடுச்சேம்மா. ஏன், காலேஜுக்கு வரலியா?" ஸ்டெல்லா மேடம் போனை வைக்கவே இல்லை. நான்தான் அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

பதினேழு வயதுப் பெண். கன்னடம் நாலு வார்த்தை தெரியும். ரயிலை விட்டு இறங்கியிருப்பாள், கல்லூரிக்கு வந்து சேரவில்லை. நடுவில் இருப்பது அந்த ஊர்.

அவள் இறங்கும் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ஒரு ஆட்டோக்காரர் இரட்டை வாடகைக்கு ஒத்துக்கொண்டார். அவர் யார், எந்தப் பக்கம் என்று தெரியாது. பின்பக்கம் திரும்பி என்னிடம் கன்னடத்தில் என்னமோ கேட்டார். என் கன்னடம் வாயைத் திறந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டெல்லா மேடம் சட்டென்று, "அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச வராது" என்று சுத்தமான கன்னடத்தில் சொன்னார். அதற்கப்புறம் வழி முழுக்க நான் ஊமை. தூரத்தில் டயர் எரியும் புகை தெரிந்தது. ஒரு மூலையில் கட்டைகளோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். மேடம் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வாய் விட்டுக் கத்தவும் முடியவில்லை, எனக்குத்தான் தொண்டை கட்டியிருக்கிறதே. அவர் உடம்பு ஆட்டோவைவிட அதிகமாக ஆடிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகலாம் என்று அவர் சொன்னால் நான் சந்தோஷமாக ஒத்துக்கொண்டிருப்பேன். அவர் சொல்லவில்லை.

மலர் பெண்கள் காத்திருக்கும் அறையில் இருந்தாள். காலையில் வெளியே வந்தவள், பஸ் ஸ்டாப்பில் ஒருவரை அடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வந்திருக்கிறாள். அறையைப் பார்த்துக்கொள்ளும் கன்னட அம்மாள் அவளைத் தன் ஸ்டூலுக்குப் பின்னால் உட்கார வைத்து, யார் வந்தாலும் வாயைத் திறக்காதே என்று சைகையில் சொல்லியிருக்கிறார். எங்களைக் கண்டதும் மலர் எழுந்தாள். அழவில்லை. "நீங்க வருவீங்கன்னு தெரியும் மேடம். நான் வரலைன்னு ஷோபா சொல்லியிருப்பா இல்ல? அதை நினைச்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்" என்றாள்.

ஸ்டெல்லா மேடம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு மூன்று பேரும் சந்துகள் வழியாகக் காக்ஸ் டவுனில் இருந்த மேடத்தின் வீட்டுக்கு நடந்தோம். மலர் கொஞ்சம் முன்னால் போனபோது நான் மெதுவாகச் சொன்னேன்: "ஷோபா ப்ராக்ஸி குடுத்ததை இவகிட்ட சொல்லாதீங்க. அந்த நம்பிக்கையிலதான் உயிரைக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருந்தா." அவர் பேசாமல் நடந்தார். ஒத்துக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஊர் அடங்கும்வரை மலர் அவர் வீட்டிலேயே இருந்தாள். பிறகு அவள் அப்பா வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "படிச்சது போதும் மேடம். உசிரோட குடுத்தீங்களே, அது போதும். டி.சி. வாங்கிக் குடுத்துடுங்க" என்றார். அவரை என்ன சொல்லித் தடுப்பது? மலர் பையை எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் போனாள். அவள் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். ஸ்டெல்லா மேடம் அன்று சாப்பிடவில்லை என்று ஜெரால்டு பிற்பாடு சொன்னார்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் செமினாருக்கு, ஷோபாவின் பக்கத்து இடத்தில் மலர் உட்கார்ந்திருந்தாள். எப்படி வந்தாள், அப்பா எப்படிச் சம்மதித்தார், யாருக்கும் தெரியாது. கேட்கவும் எனக்குப் பயம், கேட்டால் போய்விடுவாளோ என்று. அன்றிலிருந்து ஸ்டெல்லா மேடம் மேசையில் இருந்தபடி வருகை எடுப்பதை நிறுத்திவிட்டார். ரெஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக நடந்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகுதான் டிக் போடுவார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். உங்களில் பலர் அதை அவருடைய மூட்டு வலிக்கான நடைப்பயிற்சி என்று கேலி செய்தீர்கள்.

போன மாதம் கல்லறைத் தோட்டத்துக்கு மலரும் ஷோபாவும் சேர்ந்தே வந்தார்கள். மலர் இப்போது பேங்கில் அதிகாரி. ஷோபா பள்ளிக்கூட டீச்சர். மண் போட்டுவிட்டு மரத்தடிக்கு வந்ததும் ஷோபா தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டாள், அவளுடைய பெங்களூர்த் தமிழில். "மலர், அவத்து, அந்தக் கலவரத்தன்னிக்கு, நான் பொய் சொல்ட்டேன்டி. நீ வந்திருக்கேன்னு மேடம்கிட்ட சொன்னது நான்தான். இத்தனை வருஷம் சொல்றதுக்கு பயம்." இத்தனை நாள் காத்து வந்தது இங்கேயா உடையவேண்டும்?

மலர் ஷோபாவின் முந்தானையாலேயே அவள் கண்ணைத் துடைத்தாள். "தெரியும்டி. மேடம் அன்னிக்குச் சாயங்காலமே சொல்லிட்டாங்க, எனக்குச் சோறு போட்டுக்கிட்டே. 'ஷோபா பயந்து சொல்லிட்டா. நான் பயத்துல தலை நிமிரல. நிமிர்ந்திருந்தா உன் இடம் காலியா இருக்கறது தெரிஞ்சிருக்கும். தப்பு என்னுது. நீ எங்களை நம்பி உக்காந்திருந்த, நாங்க அப்படி இல்ல'ன்னாங்க. அழுதாங்க. உன்னை ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டாங்க."

"அது தெரிஞ்சுமா திரும்பி வந்தே?" என்று கேட்டேன்.

"அதனாலதான் மேடம் வந்தேன். 'ஒண்ணும் ஆகாது, சுரங்கத்துல இறங்கு'ன்னு சொல்றவங்களை எங்கப்பா வாழ்நாள் பூரா பார்த்தவரு. ஊருக்குப் போனதும் மேடம் சொன்னதை அப்படியே அவர்கிட்ட சொன்னேன். ராத்திரி பூரா யோசிச்சாரு. 'பயந்துட்டேன், தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு பெரிய மனுஷி உங்கிட்ட சொன்னாங்களா? அப்ப அங்கயே போய்ப் படி'ன்னுட்டாரு."

இதுதான் நான் கூட்டத்தில் சொல்லியிருக்கவேண்டியது. ஸ்டெல்லா மேடத்துக்குப் பல்லியைக் கண்டால் பயம், கூட்டத்தைக் கண்டால் பயம், கட்டையோடு நிற்பவனைக் கண்டால் பயம். பயந்துவிட்டேன் என்று வாய் திறந்து சொல்வதற்கு மட்டும் பயமில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட அதற்குத்தான் பயம்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று எழுதி முடிக்கவேண்டும். தைரியம் என்று எழுதினால் அவரே சிரிப்பார். எனக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. நாளை பரிசோதனை. சாதாரணச் செக்கப், நானே பஸ்ஸில் போய் வந்துவிடுகிறேன் என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தேன். நேற்று அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். "செக்கப்னு பொய் சொன்னேன்டா. எனக்குப் பயமா இருக்கு. நீ கூட வா" என்றேன்.