பரமேசக்காவின் துவக்கில் ஏறிய கறள்

செய்தி வந்தபோது நான் புளியங்குளத்தில் ஓர் உரக்கடையில் நின்றேன். பரமேசக்காவின் மருமகன் தொலைபேசியில் அழுதான். "மாமா, மாமியை யானை அடிச்சுப்போட்டுது. ஆள் முடிஞ்சுது." பக்கத்தில் நின்றவர் விதி என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதில் விதிக்கு ஒரு வேலையும் இல்லை.

ஜெயபுரத்தில் வயல் செய்யும் எங்கள் கமக்கார அமைப்பின் தலைவியாக இருந்த பரமேசக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். கணவர் இறந்தபின் அவருடைய வேட்டைத் துவக்கின் அனுமதியை அலைந்து திரிந்து தன் பெயருக்கு மாற்றியவர். வயலில் யானை இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். எந்த உயிரையும் அவர் சுட்டதில்லை.

ஆயுத பூசைக்கு எங்கள் ஊரில் துவக்குக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். சாமிக்கு வைத்ததைத் துடைப்பது குற்றமென்று அப்படியே விட்டுவிடுவோம். காய்ந்து உதிரும்போது அடியில் துருவாய்க் கறள் பிடித்திருக்கும். பரமேசக்கா மட்டும் ஐயர் வாசற்படலையைத் தாண்டுவதற்குள் துடைத்து எண்ணெய் போட்டுவிடுவார். நான் முகம் சுளித்தேன். "சாமி கோவிக்காது தம்பி, இரும்புதான் கோவிக்கும்" என்றார்.

தோலுறையில் பூட்டி வைத்திருந்த என் துவக்கைக் கண்டு இன்னும் ஏசினார். "உறைக்குள்ளை ஈரம் நிண்டு தின்னும். காத்துப் படுற இடத்திலை வையும். மாரியிலை தையல் மெசின் எண்ணெய் போட்டு அடிக்கடி துடையும். பிறகு வெறுங்கையாலை குழலைத் தொடாதையும், வேர்வைக்கும் கறள் பிடிக்கும்."

போன மாரிக்கு முன் பாதுகாப்புக்கென்று ஓர் அலுவலகம் எங்கள் துவக்குகளை வாங்கி வைத்தது. வைத்த இடமோ ஒழுகும் கூரைக்குக் கீழே, சீமெந்துத் தரை. பரமேசக்கா எண்ணெய்ப் போத்தலும் சீலையுமாகப் போனார். நானும் கூடப் போனேன்.

"என்ரை துவக்கை நானே துடைச்சுப்போட்டுப் போறன், ஐயா."

"அது எங்கடை பொறுப்பு. நீங்கள் போங்கோ" என்றார் அதிகாரி.

"பொறுப்பெண்டால் எண்ணெயைப் போடுங்கோ! சும்மா பூட்டி வைக்கிறதோ பொறுப்பு?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. துவக்குகள் கிடந்த அறையின் கதவை மட்டும் ஒருவரும் திறக்கவில்லை.

மழை ஓய்ந்து திருப்பித் தந்தபோது குழல் உள்ளும் புறமும் சிவந்திருந்தது. வெடி வைத்தால் குழலே பிளக்கும் என்று கிளிநொச்சியில் துவக்குத் திருத்துபவர் கைவிரித்தார். எங்கள் எல்லோருடைய துவக்குகளுக்கும் அதே கதி. கதிர் முற்றிய நேரம், விடியும்போது யானை இறங்கியது. அக்கா தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். வெடிச் சத்தத்துக்குத் திரும்பிப் போகிற யானை தகரத்துக்குத் திரும்பவில்லை.

செத்தவீட்டுக்கு அந்த அதிகாரியும் மலர்வளையத்தோடு வந்தார். புறப்படும்போது மருமகனைக் கூப்பிட்டு, அனுமதி பெற்றவர் இறந்தால் துவக்கை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்றார். எந்த அதிகாரிக்கு முன்னாலும் குரலைத் தாழ்த்தாத பரமேசக்காவின் வழக்கத்தை இனி நான் வைத்துக்கொள்கிறேன். பறைச் சத்தத்தையும் மீறி ஊர் கேட்கச் சொன்னேன்:

"அக்கா உங்களிட்டை நல்ல நிலையிலைதான் தந்தவா, ஐயா. நீங்கள் திருப்பித் தந்தது அந்தச் சவப்பெட்டிக்குள்ளை கிடக்குது, போய்ப் பாருங்கோ."