ஆட்டுக் காதும் என் கையெழுத்தும்

போன வாரம் என் வீட்டு வாசலைத் தாண்டி ஓர் ஆடு போனது.

ஆடு போகாத வாசலா என்று கேட்பீர்கள். இது மேயப் போன ஆடு இல்லை. கழுத்தில் கயிறு. கயிற்றை ஒரு பக்கம் மூக்காயி பிடித்திருந்தாள். அதே கயிற்றை இன்னொரு பக்கம் பாண்டியம்மாள் பிடித்திருந்தாள். பின்னால் பத்துப் பேர். வழக்கு!

நான் கொண்டையை அள்ளி முடிந்து, சேலைத் தலைப்பைச் சரி செய்து, நிமிர்ந்து உட்கார்ந்தேன். உச்சிப்புளிக்குத் தெற்கே எங்கள் ஊரில் நாற்பது வருஷமாக ஆட்டு வழக்கு என்றால் என்னிடம்தான் வரும்.

காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் குட்டி பிறந்த சில நாளில் அதன் காதில் ஓர் அடையாளம் வெட்டுவார்கள். ஒரு வீட்டுக்கு நுனி வெட்டு, ஒரு வீட்டுக்கு ஓர வெட்டு, ஒரு வீட்டுக்குத் துளை. மந்தை கலந்துவிட்டால் காதைப் பார்த்துப் பிரிக்க வேண்டியதுதான். ஆனால் கருவேல முள் கிழித்தாலும் வெட்டு மாதிரியே இருக்கும். எது வெட்டு, எது கிழிசல் என்று கண்ணுக்குத் தெரியாது. என் விரலுக்குத் தெரியும்.

அந்தக் கூட்டம் என் வாசலில் நிற்கவில்லை. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் ஓரகத்தி வள்ளி வீட்டுக்குப் போனது.

ஏன் தெரியுமா? வள்ளியின் மகள் உமா முளைப்பாரித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தாள்.

வாராவாரம் நான் வாயால் சொல்லி எழுதவைக்கிற இந்தப் பத்திரிகைப் பத்தியில் உமாவைப் பற்றி நான் பேசியதே இல்லை. மறந்துபோய் அல்ல... வேண்டுமென்றேதான். மதுரையில் வக்கீலுக்குப் படித்தாள். கோர்ட்டுக்குப் போனாள். இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். மனுஷன் மாதிரி யோசித்து முடிவு சொல்கிற மெஷின்களைச் செய்கிறார்களாம். அந்த மெஷின் தப்பாகச் சொன்னால் யார் பொறுப்பு, பாதிக்கப்பட்டவர் எங்கே போய்க் கேட்பது, சட்டப்படி அது நியாயமா... இதையெல்லாம் கேள்வி கேட்பதுதான் அவள் உத்தியோகம். அதற்குப் பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு என்று பெயர். வாயில் நுழைவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

கேள்வி கேட்பதற்குச் சம்பளம்! நான் நாற்பது வருஷமாக ஓசியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் வெளிநாட்டுக் கூட்டத்தில் பேசுகிற போட்டோவை வள்ளி ஊர் முழுக்கக் காட்டியாகிவிட்டது. எனக்கு மட்டும் மூன்று தடவை. மூன்று தடவையும் "வெளிச்சம் பத்தலையே" என்று சொல்லிவிட்டேன்.

சரி, வழக்குக்கு வருவோம். நான் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வள்ளி வீட்டுக்குப் போனேன். என் கொல்லையில் கறிவேப்பிலை மரமே நிற்கிறது. அது வேறு விஷயம்.

இரண்டு மாதம் முன்பு வேறொரு கம்பெனி ஆள் வந்து ஊர் ஆடுகளையெல்லாம் முகத்துக்கு நேராகப் போட்டோ பிடித்துப் போயிருந்தார். ஆடு தொலைந்தால் போனில் காட்டினால் போதும், யாருடைய ஆடு என்று போனே சொல்லிவிடும் என்றார். முதல் வழக்கே இதுதான். பாண்டியம்மாளின் ஆடு நாலு நாளாகக் காணோம். மூக்காயி வீட்டில் நின்ற ஆட்டைப் பார்த்து, "இது என் ஆடு" என்று பிடித்துவிட்டாள். கம்பெனி ஆளை வரவழைத்துப் போனில் காட்டினார்கள். போன், பாண்டியம்மாள் பெயரைச் சொல்லிவிட்டது.

மூக்காயிக்கு மிஞ்சி நிற்கிற ஒரே ஆடு அது. அதுவும் நிறை சினை.

உமா வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்காரரிடம் கேட்டாள்: "அண்ணே, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ. ஆடு இப்ப வளந்துருக்கும், மெலிஞ்சிருக்கும். போன் தப்பாச் சொல்ல வழி இருக்கா இல்லையா?"

"சிஸ்டம் சொல்லிருச்சு மேடம்."

"சொன்னது தப்புன்னா மூக்காயி அத்தை யாருகிட்டப் போயிக் கேக்கணும்?"

"அதான் சிஸ்டமே சொல்லிருச்சே..."

"சரி. அப்ப இது பாண்டியம்மா அத்தை ஆடுதான், தப்பா இருந்தா நான் பொறுப்புன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் இரண்டடி பின்னால் போனார். "நான் எப்படி மேடம் போடுறது? எனக்கு ஆட்டப் பத்தி என்னா தெரியும்?"

கூட்டம் சிரித்தது. "ஏத்தா, வக்கீல் புள்ளைன்னா சும்மாவா!" என்று ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையில் அவள் வீட்டுக் கறிவேப்பிலைக் கொத்து இருந்தது. அத்தனையையும் உருவிவிட்டேன்.

அப்போதுதான் உமா என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நல்லவேளை வந்தீங்க. எனக்குச் சட்டம் தெரியும், ஆடு தெரியாது. காதைப் பாத்துச் சொல்லுங்க."

தெரியாது என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறாள், பாருங்கள்! பத்துப் பேர் முன்னால். நான் அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது. சொல்லியிருந்தால் எனக்கு இந்த ஊரில் மரியாதை இருந்திருக்குமா? அவளுக்கு மட்டும் ஏன் சொல்லச் சொல்ல மரியாதை கூடுகிறது?

ஆட்டின் இடது காதில் நுனியும் குறைந்திருந்தது, ஓரத்திலும் ஒரு பிளவு இருந்தது. பாண்டியம்மாள் வீட்டு அடையாளம் ஓர வெட்டு. மூக்காயி வீட்டு அடையாளம் நுனி வெட்டு. இரண்டில் ஒன்று கத்தி, ஒன்று முள்.

விரலை வைத்தேன். ஓரப் பிளவு சொரசொரவென்று முடிச்சு விழுந்திருந்தது. முள். நுனி வழவழவென்று ஒரே சீராக இருந்தது. கத்தி. சந்தேகமே இல்லை, ஆடு மூக்காயி ஆடு.

அப்படிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மனசு ஒரு கணக்குப் போட்டுவிட்டது. நான் இப்படிச் சொன்னால் போன் சொன்னது தப்பு. போன் தப்பென்றால் உமா கேட்ட கேள்வி சரி. நாளைக்கு ஊரெல்லாம் உமா பேச்சு. வள்ளி அந்தப் போட்டோவை நாலாவது தடவை கொண்டுவருவாள்.

"பாண்டியம்மா ஆடுதான்," என்றேன். "போன் சொன்னது சரி."

சொல்லிவிட்டேன். எவ்வளவு சுளுவாக வந்தது தெரியுமா!

மூக்காயி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போன்காரரை அவ்வளவு நேரம் ஏசிக்கொண்டிருந்தவள்தானே? அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க சொன்னாச் சரித்தான் மதினி," என்று கயிற்றை விட்டுவிட்டாள்.

போன் சொல்லியும் விடாத கயிற்றை நான் சொன்னதும் விட்டாள்.

உமா என்னை மறுத்துப் பேசவில்லை. மடியில் ஒரு தாளை வைத்து எழுதினாள். எழுதியதைச் சத்தமாகப் படித்தாள்: "ஆட்டின் காதை நானே தொட்டுப் பார்த்தேன். இது பாண்டியம்மாளின் ஆடு. நான் சொன்னது தவறென்றால் அதற்கு நானே பொறுப்பு."

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க பெரியம்மா."

"எனக்கு எதுக்குடி கையெழுத்து? என் வாய்ச்சொல்லு பத்தாதா?"

"போன்காரண்ணன்கிட்டயும் கேட்டேன்ல? எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்."

நான் மூன்றாங் கிளாஸ் வரைக்கும்தான். ஆனாலும் எங்கேயும் கைநாட்டு வைத்தவள் இல்லை. பேங்கில் எனக்குப் பின்னால் வரிசை நின்றாலும் நிதானமாக என் பெயரை எழுதிவிட்டுத்தான் நகர்வேன். அது ஒன்றுதான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சொத்து. பேனாவை வாங்கி 'மு' போட்டேன். புள்ளி வைத்தேன். 'இ' போட்டேன்.

கை நின்றுவிட்டது.

"என்ன பெரியம்மா, பேனா எழுதலையா?"

உச்சிப்புளிக் கடற்படைத் தளத்து விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. அது போய் முடிகிற வரைக்கும் எனக்கு அவகாசம் கிடைத்தது. சத்தம் ஓய்ந்ததும் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேனா நல்லாத்தான் எழுதுது. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஓரத்துல இருக்கது முள்ளுக் கிழிசல். நுனிதான் வெட்டு. மூக்காயி, ஆட்டப் பிடி."

மூக்காயி கயிற்றை எடுக்கவில்லை. ஆட்டின் கழுத்தையே கட்டிக்கொண்டாள்.

"அப்ப என் ஆடு எங்கன போச்சு மதினி?" என்று பாண்டியம்மாள் அழ ஆரம்பித்தாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. காணாமல் போன ஆட்டை எதிரில் வந்த ஆட்டிலெல்லாம் பார்த்திருக்கிறாள். ஊரே சேர்ந்து கருவேலங்காட்டில் தேடிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்கிற வரைக்கும் கிடைக்கவில்லை.

முதலில் ஏன் அப்படிச் சொன்னீங்க என்று உமா கேட்பாள் என்று பயந்தேன். கேள்வி கேட்பதுதானே அவள் உத்தியோகம்? கேட்கவில்லை. அந்தத் தாளை நாலாக மடித்துக் கிழித்துவிட்டு, புதுத் தாள் எடுத்தாள். அதில் முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக் கொடுத்தேன். எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

நாற்பது வருஷமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் என்னிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எத்தனை வழக்கில் என் பேனா நின்றிருக்கும்? ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டு... வேண்டாம். அதைப் பற்றி இந்த வாரம் பேச மாட்டேன்.

காதைத் தொட்டுப் பார்த்து ஒரு மனுஷர் கையெழுத்துப் போடாமல் எந்த ஆட்டையும் கைமாற்றக் கூடாது என்று அந்தப் போட்டோக் கம்பெனிக்கு மனு எழுதி, அதில் என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கி, என் தீர்ப்பையும் அதனோடு சேர்த்து அனுப்பிவிட்டு உமா பெங்களூருக்குப் போய்விட்டாள். பதில் இன்னும் வரவில்லை. ஊரில் எல்லோரும் உமா பேச்சுத்தான். "என் மக இல்லேன்னா உண்மை வெளிய வந்துருக்குமா?" என்று வள்ளி தண்ணீர்க் குழாயடியில் சொன்னாளாம். சொல்லட்டும். மனுவின் நகலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டிவிட்டாள். நேற்றுக் கறிவேப்பிலை வாங்கப் போனபோது பார்த்தேன்.

அதில் மேலே இருப்பது என் பெயர். அதற்குக் கீழேதான் உமா பெயர். இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டேன்.